முக்கோணக் கோஷ்டி

உலகத்தில் முக்கோணம் என்று ஒன்று கிடையாது. மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே நான் இதைக் கண்டுபிடித்துவிட்டேன். வட்டம் உண்டு, வேண்டிய மட்டும் உண்டு. இட்லி வட்டம், தோசை வட்டம், அப்பளம் வட்டம், அதையெல்லாம் வைத்துத் தின்கிற தட்டும் வட்டம். கதவு, ஜன்னல், செங்கல், தீப்பெட்டி எல்லாம் நீள்சதுரம். சதுரத்துக்குக்கூட ஒரு கைக்குட்டையோ கேரம் போர்டோ அகப்பட்டுவிடும். முக்கோணத்தை மட்டும் கடவுள் கணக்குப் புத்தகத்தில் படைத்துவிட்டு, வெளியே படைக்க மறந்துவிட்டார்.

இப்படிக் கடவுள் மேல் பழி போட்டால் எங்கள் வீட்டில் வாயிலேயே போடுவார்கள். நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். எனக்குப் பெயரே பரிபூரணம். ஆனாலும் அந்த வாரம் நான் பட்ட பாடு அப்படி.

எண்பத்தெட்டாம் வருஷம். ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற ரோட்டில் எங்கள் பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்புக்குக் கிருபாபாய் டீச்சர். உருவங்கள் பாடம் நடத்தலாம் என்று அலமாரியிலிருந்த படத்தை எடுத்து விரித்தால் பாதியைக் கரையான் தின்றிருந்தது. டீச்சர் மிச்சப் பாதியைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு, படம் இல்லாவிட்டால் போகிறது, நீங்களே கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். வகுப்பை நான்கு கோஷ்டியாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, ஒரு கோஷ்டிக்கு ஒரு உருவம் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை யாருடைய மேஜையில் அதிகப் பொருள் இருக்கிறதோ அவர்கள் ஜெயித்தவர்கள். சட்டம் இரண்டுதான். பொருள் பள்ளிக்கூடத்துக்குள் வர வேண்டும். பந்தயத்துக்கென்று வெட்டியோ ஒட்டியோ செய்ததாக இருக்கக் கூடாது.

ஜெயிக்கிற கோஷ்டியின் தலைவருக்கு ஒரு மாதம் மணி அடிக்கிற வேலை என்றார் டீச்சர். அதுவரை சளசளத்துக்கொண்டிருந்த வகுப்பு கப்சிப் என்று ஆகிவிட்டது.

எங்கள் பள்ளிக்கூட மணி என்பது வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு. அதை அடிப்பதற்கு ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பி. முன்பெல்லாம் கம்பியை மரத்தடியிலேயே சாய்த்து வைத்திருந்தார்கள். வேலையற்ற பயல்கள் லீவு நாளில் வந்து அடித்துத் தள்ளுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தத்தைக் கேட்டு, ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த மில்காரர்கள் எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று குடத்தோடு ஓடி வந்துவிட்டார்கள். அன்றையிலிருந்து எங்கள் தலைமையாசிரியர், அதாவது பெரிய சார், ஒரு சட்டம் போட்டார். மணி அடிக்கிற பிள்ளை சாயங்காலம் கம்பியைத் தன் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். காலையில் கொண்டு வர வேண்டும். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. கல்லால் அடிப்பதும் கூடாது. அந்தக் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடக்கிற பிள்ளையைக் கண்டால் போலீஸ்காரரைக் கண்டது மாதிரி எங்களுக்கு ஒரு மரியாதை. ஒவ்வொரு மாதமும் ஒரு வகுப்புக்கு முறை. அடுத்து எங்கள் முறை.

எங்கள் கோஷ்டிக்குச் சீட்டு எடுத்தவள் சண்முகத்தாய்; சீட்டு எடுத்தவர்தான் தலைவர். பிரித்துப் பார்த்தால் முக்கோணம். எனக்கு வந்த கோபத்தில் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தேன். பக்கத்து வரிசையில் வளையல் கடைக்காரர் மகன் பொன்னுராஜ் வட்டத்தை எடுத்துவிட்டு, அப்போதே மணி அடிக்கிற மாதிரி கையை ஓங்கி ஓங்கிக் காட்டினான்.

சண்முகத்தாய்க்கு அந்த மணி வேண்டும். எல்லோருக்கும்தான் வேண்டும், ஆனால் அவளுக்கு வேண்டியது வேறு மாதிரி. அவள் தினமும் லேட். அவளுடைய அம்மா கருத்தம்மாள் எட்டு மணிக்கெல்லாம் பேண்டேஜ் ஷெட்டுக்குப் போய்விடுவார். அப்பா மில்லில் ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்து அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பால்வாடியில் விட்டுவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் வர வேண்டும். பால்வாடி ஆயாவோ தன் வீட்டு வேலை முடிந்து, வெற்றிலை போட்டு, ஆடி அசைந்து வந்துதான் கதவைத் திறப்பார். அதற்குள் இங்கே மணி அடித்துவிடும். மணிக்குப் பிறகு வந்தவர்கள் பிரேயர் முடிகிறவரை கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க வேண்டும் என்பது பெரிய சாருடைய இன்னொரு சட்டம். நாங்கள் கை கூப்பிப் பாடிக்கொண்டிருக்கும்போது கேட்டுக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் சண்முகத்தாய் முகம் தெரியும். அவளும் அங்கே நின்றே பாடுவாள்.

பின்னலை இழுத்த அன்றைக்கு அவள் என்னிடம் திட்டத்தைச் சொன்னாள்.

"மணி என் கையில இருந்தா, நான் வந்த பொறவுதான ஏட்டி பள்ளிக்கூடமே. அப்ப நான் எப்படி லேட்டாவேன்?"

எவ்வளவு யோசித்தாலும் அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த மணியை இவளுக்கு வாங்கிக் கொடுத்தே தீர்வது என்று முடிவு கட்டினேன். எங்கள் கோஷ்டியிலிருந்த மாரிச்சாமியும் சேர்ந்துகொண்டான். கோஷ்டியில் மற்றவர்களும் உண்டு, பெயருக்கு.

முதல் முக்கோணம் சமோசா. சினிமாக் கொட்டகைக்கு எதிரே இருந்த கடையில் மாரிச்சாமி வாங்கி என்னிடம் கொடுத்தான். சூடு ஆறிவிட்டதா என்று பார்க்க ஒரு முனையைக் கடித்தேன். ஒரு முனை இல்லாவிட்டால் அது என்ன உருவம் என்று தெரியவில்லை. எப்படியும் கெட்டுப்போயிற்று என்று இன்னொரு முனையையும் கடித்தேன். பள்ளிக்கூடம் வந்து சேரும்போது என் கையில் எண்ணெய்த் தாள் மட்டும் இருந்தது, அதுவும் நீள்சதுரம். மாரிச்சாமி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அடுத்தது மில் கோன். மாரிச்சாமியின் சித்தப்பா வேலை பார்க்கிற மில்லில் நூல் சுற்றி முடித்த அட்டைக் கோன்கள் ஓரம் நசுங்கினால் கழித்துப் போடுவார்கள். அதில் ஒன்றைக் கொண்டு வந்தான். மேஜை மேல் நிறுத்தி எதிரே நின்று பார்த்தால் நல்ல முக்கோணம். நான் கைகூடத் தட்டிவிட்டேன். பொன்னுராஜ் வந்தான், கோனைத் தலைகீழாகக் கவிழ்த்தான், அடிப்பக்கத்தை டீச்சருக்குக் காட்டினான். நல்ல வட்டம். எனக்குத்தான் என்று இரண்டு கோஷ்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். டீச்சர் அதைக் கேட்டு வாங்கி, நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். இது யாருக்கும் கிடையாது, எனக்கு என்று சொல்லி அதில் பேனாவைச் செருகி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். புரட்டாசிச் சனி என்று கருத்தம்மாள் பிள்ளைகளோடு அந்த ஊர்ப் பக்கம் திருவண்ணாமலை என்கிற குன்றில் இருக்கிற பெருமாளைக் கும்பிடப் போனார். நான் பெருமாளுக்காகப் போகவில்லை, பஸ் ஜன்னலுக்காகவும் முக்கோணத்துக்காகவும் போகிறேன் என்று சொல்லித்தான் வீட்டில் உத்தரவு வாங்கினேன். ஊருக்கு வெகு தூரத்திலேயே கோபுரம் தெரிந்தது. சண்முகத்தாய் என் விலாவில் இடித்தாள். பஸ் கிட்டே போகப் போக உச்சி அகலமாகிக்கொண்டே வந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் மேலே தட்டையாக இருக்கிறது, வரிசையாகக் கலசம் வேறு. சரி, அது முக்கோணமாகவே இருந்தாலும் கிருபாபாய் டீச்சர் மேஜைக்கு அதை யார் தூக்கி வருவது. தூரத்து மலையும் அப்படித்தான், முக்கோணமாக நின்றுகொண்டு எங்களைக் கேலி பண்ணியது. பஸ் ஸ்டாண்டில் கருத்தம்மாள் எங்களுக்குப் பால்கோவா வாங்கித் தந்தார். கிண்ணம் வட்டம். பால்கோவாவுக்கு உருவமே இல்லை. எனக்கு வருத்தத்திலும் அது ருசியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை மாரிச்சாமி ஒரு சேதியோடு வந்தான். ஊரில் ஒரு பெரிய முக்கோணம் இருக்கிறது, சிவப்பு நிறம், நாம் இத்தனை நாள் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்றான். சுகாதார நிலையத்து வேலியில் கம்பி போட்டுக் கட்டியிருந்த தகரப் பலகையைத்தான் சொன்னான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவிழ்த்து, நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்து, சப்பரம் தூக்குகிற மாதிரி தெரு வழியே தூக்கி வந்தோம். டீக்கடையில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்து எதற்கு அப்படிச் சிரித்தார்கள் என்று அப்போது புரியவில்லை.

வகுப்பில் சாத்தி வைத்ததும் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் சத்தமாகப் படித்தார்கள். நாம் இருவர், நமக்கு இருவர். கிருபாபாய் டீச்சருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. பொன்னுராஜ் எழுந்து, எங்கள் வீட்டில் நான் ஏழாவது டீச்சர், எங்களில் எந்த ரெண்டு பேர் என்று கேட்டான். டீச்சர் இருமிக்கொண்டே அவனை உட்காரச் சொன்னார். அவன் உட்கார்ந்தானா, இல்லை. பலகை நீள்சதுரம், அதில் முக்கோணத்தை வரைந்துதான் இருக்கிறது, வரைந்ததெல்லாம் செல்லுமென்றால் நானும் நூறு வட்டம் வரைவேன் என்று வழக்காடினான். நியாயம்தான், அதுதான் எரிச்சல். உடனே நீள்சதுரக் கோஷ்டி எழுந்து, அப்படியானால் பலகை எங்களுக்கு என்றது. அவர்களுக்குப் பலகை சேர்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, சுகாதார நிலையத்து நர்ஸம்மா வேலியைக் காணோம் என்கிற முகத்தோடு வாசலில் வந்து நின்றார். பலகையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிள்ளைகளுக்கு இந்த வயசிலேயே குடும்பக் கட்டுப்பாடு சொல்லிக் குடுத்து என் வேலையில் பாதியை நீங்க பாக்கியளே என்று டீச்சரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் முகம் சிவந்துபோயிற்று.

அன்றைக்குத்தான் பொன்னுராஜ் தன் வேலையைக் காட்டினான். கடையிலிருந்து கண்ணாடி வளையல்களைக் கயிற்றில் கோர்த்து மாலை மாலையாகக் கொண்டு வந்து மேஜையில் குவித்தான். ஒரே மாதிரிப் பொருள் எத்தனை கொண்டு வந்தாலும் ஒன்றுதான் என்று நான் கத்தினேன். அப்படிச் சட்டத்தில் இல்லையே என்றான் அவன். டீச்சர் யோசித்தார். சொல்லாத சட்டத்தை நடுவில் சொன்னால் அது நியாயமில்லை, ஒவ்வொரு வளையலும் ஒரு வட்டம்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் டீச்சரோடு மனசுக்குள் டூ விட்டேன்.

செவ்வாய் சாயங்காலம் சண்முகத்தாய் வீட்டில் கோஷ்டிக் கூட்டம். அவளுக்கு வெளியே வர முடியாது. ஷெட்டிலிருந்து அம்மா கொண்டு வருகிற வெட்டுத் துணியைச் சாயங்காலம் மடித்துக் கட்டுவது அவள் வேலை. தம்பியைக் கால் மேல் கிடத்தி ஆட்டிக்கொண்டே, கண் எங்கேயோ இருக்க, கை பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்கும். மடித்து முடித்தால் உள்ளங்கை அளவுக்கு நீள்சதுரமான பொட்டலம். நானும் மாரிச்சாமியும் மடித்து முடித்த மூட்டையின் மேல் சாய்ந்துகொண்டு, இனி எங்கே போய் முக்கோணம் தேடுவது என்று பேசினோம். மெத்து மெத்தென்று நல்ல மூட்டை. வத்திராயிருப்புக்குப் போனால் தோப்புக் காவல் குடிசைகளுக்கு முக்கோணக் கூரை உண்டு என்றான் மாரிச்சாமி. குடிசையைத் தூக்கி வருவாயா என்று நான் எரிந்து விழுந்தேன். சண்முகத்தாய் கடைசித் துணியை எடுத்தாள். மடித்து முடித்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"நான் வெளியவே நின்னுக்கிடுதேன், பரி. பழகிப் போச்சு."

அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் மூட்டையை ஒரு குத்து குத்திவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை பொன்னுராஜ் விழுந்தான். ஆசை யாரை விட்டது. மேஜை கொள்ளாமல் வட்டம் குவிந்து கிடக்கும்போது, பஞ்சர் கடைக்காரர் அடையாளத்துக்காகப் புளியமரத்தில் தொங்கவிட்டிருந்த லாரி டயர் அவன் கண்ணில் பட்டது. எல்லா வட்டத்துக்கும் ராஜா மாதிரி அதை நடுவில் வைக்க வேண்டுமாம். பள்ளிக்கூடம் விட்டதும் மரத்தில் ஏறினான். டயர் அங்கேயே இருந்தது, அவன்தான் கீழே வந்தான்.

நாங்கள் எல்லோரும் அவன் பின்னாலேயே சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். பலகை பழைய இடத்தில், இந்தத் தடவை ஆணி அடித்து, இருந்தது. பொன்னுராஜுக்கு மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. நர்ஸம்மா கையைத் தொட்டுப் பார்த்து, பெரியாஸ்பத்திரியில் காட்ட வேண்டும், அதுவரை ஆடாமல் இருக்கட்டும் என்று இரண்டு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டுவதற்காகப் பிரித்தார்.

சண்முகத்தாய் எனக்குப் பக்கத்தில் நின்றாள். நர்ஸம்மா கை ஒவ்வொரு மடிப்பாகப் பிரிக்கப் பிரிக்க, இவள் உதடு அசைந்தது. தினமும் தான் போடுகிற மடிப்புகளை அவள் கடைசியிலிருந்து முதலுக்கு எண்ணிக்கொண்டு வந்தாள். இரண்டு வாலும் விரிந்தன. பட்டை விரிந்தது. நர்ஸம்மா துணியை உயர்த்தி ஒரு உதறு உதறினார். வெள்ளை வெளேர் என்று, பெரிதாக, மூன்று மூலையும் கூராக, புத்தகத்தில் இருந்ததைவிட நன்றாக ஒரு முக்கோணம் காற்றில் நின்றது.

நான் மாரிச்சாமியைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் வெண்ணெய் மூட்டை மேலேயே உட்கார்ந்து அலைந்திருக்கிறோம். சண்முகத்தாய் அதற்குள் வீட்டைப் பார்க்க ஓட ஆரம்பித்திருந்தாள்.

அதைப் பற்றிப் பிற்பாடு அவளிடம் எத்தனையோ தடவை கேட்டேன். ஷெட்டில் சதுரமான துணியை மூலைக்கு மூலை வெட்டுவதும், ஒரு சதுரத்துக்கு இரண்டு முக்கோணம் விழுவதும் அவளுக்குத் தெரியாதா. தெரியும் என்பாள். ஆனால் அது வேலை, இது பாடம், இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்லவில்லையே என்பாள்.

வெள்ளிக்கிழமை காலை பிரேயர் நடந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே வழக்கம் போலச் சண்முகத்தாய். அன்றைக்கு அவள் தலையில் அவளைவிடப் பெரிய மூட்டை. பெரிய சார் கேட்டைத் திறக்கவில்லை. சட்டம் சட்டம்தான். மூட்டைப் பாரத்தில் கழுத்து உள்ளே போயிருக்க, அவள் வெயிலில் நின்று பாடினாள்.

பிரேயர் முடிந்து வகுப்புக்குள் வந்ததும் மூட்டையை அவிழ்த்தாள். டீச்சர் எங்களைக் குழாயில் கை கழுவ வைத்தார், வகுப்புக்குள் கொடிக்கயிறு கட்டினார். நாங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றில் தொங்கவிட்டோம். கயிறு போதாமல் ஜன்னல் கம்பியில், கரும்பலகை ஆணியில், டீச்சர் நாற்காலி முதுகில் எல்லாம் முக்கோணம். ஜன்னல் வழியாகக் காற்று வந்தபோது எல்லாம் ஒன்றாக ஆடின. எங்கள் வகுப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

பொன்னுராஜ் கட்டுப் போட்ட கையோடு எழுந்தான். அதெல்லாம் ஒரே மாதிரிதானே என்று ஆரம்பித்தவன், தன் வளையல் குவியலைப் பார்த்து அந்தப் பேச்சை விழுங்கிவிட்டான். இது உருவமே இல்லை, வெறும் துணி, மடித்தால் நீள்சதுரம் ஆகிவிடும், அதனால் செல்லாது என்று வேறு வழியில் வந்தான். கிருபாபாய் டீச்சர் சண்முகத்தாயைப் பார்த்தார். அவள் பொன்னுராஜ் எதிரே போய் நின்றாள்.

"ஏலே, அப்ப உன் கழுத்துல கிடக்கது என்ன?"

அவன் குனிந்து பார்த்தான். வட்டக் கோஷ்டியின் தலைவன் இரண்டு நாளாக ஒரு முக்கோணத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறான்.

"முக்கோணந்தான் டீச்சர்" என்றான் கடைசியில். அவனை எனக்குப் பிடித்துப் போனது அந்த நிமிஷத்தில்தான், ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை.

டீச்சர் எண்ண ஆரம்பிப்பதற்குள் கருத்தம்மாள் வந்துவிட்டார். மத்தியானத்துக்குள் ஷெட்டில் சேர வேண்டிய மூட்டையை எடுக்க வீட்டுக்கு வந்திருக்கிறார், மூட்டையைக் காணோம். தலைமுடி கலைந்து, ஓடி வந்த மூச்சோடு வாசலில் நின்றவர், ஒரு வாரத்து வேலை கொடியில் ஆடுவதைப் பார்த்தார்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க. இனி எப்பட்டி மடிக்க?"

அடிக்கக் கை ஓங்கிவிட்டார். டீச்சர் குறுக்கே வந்து, கோவப்படாதிய கருத்தம்மா, மடிக்க இங்க ஆளா இல்ல என்றார். அப்புறம் சண்முகத்தாயை மேஜை மேல் ஏற்றி நிறுத்தினார். தினமும் கேட்டுக்கு வெளியே நிற்கிற பிள்ளை, வகுப்பிலேயே உயரமான இடத்தில் நின்று எங்களுக்குப் பாடம் நடத்தினாள். நுனியைக் கொண்டு போய் அடியோடு சேர். இன்னொரு தடவை மடி. பட்டையாக்கு. இரண்டு வாலையும் நடுவுக்குக் கொண்டு வா. இப்ப மூடு. வட்டமும் சதுரமும் நீள்சதுரமும் தரையில் உட்கார்ந்து முக்கோணங்களை மடித்தன. முதலில் மடித்ததையெல்லாம் கருத்தம்மாள் பிரித்து எறிந்தார். பிறகு பிரிப்பது குறைந்தது. பொன்னுராஜ் ஒற்றைக் கையோடு, முழங்காலால் துணியை அழுத்திப் பிடித்து மடித்த பொட்டலத்தை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது தேறும் என்று மூட்டையில் போட்டார். மத்தியானத்துக்கு முன்பே மூட்டை கட்டியாயிற்று. எண்ண வேண்டிய தேவையே இல்லை, ஜெயித்தது யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் சண்முகத்தாய் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நானும் மாரிச்சாமியும் இரண்டு பக்கமும் காவலாக நடந்தோம்.

திங்கட்கிழமை காலை. பிரேயருக்கு எல்லோரும் வரிசையில் நின்றோம். பெரிய சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். தண்டவாளம் சும்மா தொங்கியது. கம்பி இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த சின்னப் பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்க ஆரம்பித்தார்கள். பெரிய சாருக்கும் வேர்த்தது. மணி அடிக்காமல் பிரேயர் இல்லை, பிரேயர் இல்லாமல் வகுப்பு இல்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு கல்லை எடுத்து யாராவது அடியுங்களேன் என்றார்.

கிருபாபாய் டீச்சர் மரத்துக் காக்காயைப் பார்த்துக்கொண்டே, வேறு யாரும் அடிக்கக் கூடாது, கல்லும் கூடாது என்று நீங்கள்தானே சார் சட்டம் போட்டீர்கள் என்றார். பள்ளிக்கூடம் மொத்தமும் வெயிலில் நின்றது.

அப்புறம் ரோட்டுத் திருப்பத்தில் சண்முகத்தாய் தெரிந்தாள். தினமும் மூச்சிரைக்க ஓடி வருகிறவள், அன்றைக்கு நடந்து வந்தாள். தோளில் கம்பி. முகத்தில் ஒரு அவசரமும் இல்லை. திறந்திருந்த கேட்டு வழியாக நேரே வேப்பமரத்தடிக்குப் போனாள், எம்பி நின்று ஓங்கி அடித்தாள். மில் வரைக்கும் கேட்டிருக்கும்.

பெரிய சார் அவள் எதிரே போய் நின்றார். ஏன் லேட் என்று கேட்டார்.

சண்முகத்தாய்க்கு உண்மையிலேயே புரியவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"லேட்டா சார்? இப்பத்தான மணி அடிச்சேன்."

பெரிய சார் கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்தார், அப்புறம் கையைத் தொங்கப் போட்டுவிட்டார். இத்தனை நேரம் எங்கே இருந்தாய் என்று வேறு மாதிரிக் கேட்டார். பால்வாடி வாசலில், தம்பியை வைத்துக்கொண்டு, ஆயா வருகிறவரை என்றாள். தினமுமா என்றார். தினமும் என்றாள். இந்தக் கேள்வியை அதுவரை அவளிடம் அவர் கேட்டதே இல்லை. பெரிய சார் உள்ளே போய்க் குடையை எடுத்தார், விரிக்கக்கூட இல்லை, விறுவிறுவென்று பால்வாடி இருக்கிற தெருவைப் பார்க்க நடந்தார்.

கிருபாபாய் டீச்சர் பிரேயரை ஆரம்பித்தார். சண்முகத்தாய் கம்பியைத் தரையில் வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்று பாடினாள். பாடும்போது நான் கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வெளியே யாரும் நிற்கவில்லை.